இடது கை இல்லாத மெரூன் சட்டை

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். ஆனால் இது நடந்தது. பெப்ரவரி 17, செவ்வாய்க்கிழமை, பின்னேரம் 3.40க்குத் தொடங்கி 4.25க்கு முடிந்தது. என் மெஷினுக்கு நேர் எதிரே சுவர்க் கடிகாரம் இருப்பதால் நேரம் சரியாகத் தெரியும். பேய் ராத்திரியில்தான் வரும் என்று நானும் நினைத்திருந்தேன். கட்டுநாயக்கவில் ஒன்பது வருஷம் கார்மென்ட்டில் நைட் ஷிப்ட் செய்தவள் நான். ராத்திரி என்னை ஒன்றும் செய்ததில்லை. வந்தது பட்டப்பகலில்.

உங்களைப் பயமுறுத்துவதற்காக மட்டும் இதை எழுதவில்லை. ஒருத்தி யார் என்று எனக்குத் தெரிய வேண்டும். அது தெரியாதவரை அவளுக்கு விமோசனம் இல்லை.

என் பெயர் சுதர்ஷினி. கொட்டகலைக்கு மேலே ஒரு தோட்டத்தில், முன்பு கொழுந்து எடுக்கப் போகிற தாய்மார் குழந்தைகளை விட்டுப் போன பிள்ளைக்காம்பராவில் எங்கள் தையல் நிலையம் இருக்கிறது. ஒன்பது பெண்கள். கார்மென்ட்டில் வெட்டி வீசிய துண்டுகள், கிழிந்த பழைய உடுப்புகள் எல்லாம் மூட்டையாக வரும். அவித்து, காயவைத்து, தையல் பிரித்து, நல்ல பாகத்தை மட்டும் வெட்டி எடுத்து ஒட்டுத் துணிக் கோட்டாகத் தைப்போம். கொழும்பில் ஒரு கம்பெனி அதை வாங்கி வெளிநாட்டுக்கு அனுப்பும். கழுத்துப் பக்கத்தில் "இந்தத் துணிக்கு இது இரண்டாம் பிறவி" என்று இங்கிலீஷில் ஒரு சீட்டு வைக்கச் சொல்வார்கள். எங்கள் லயத்து வரிசை வீடுகளின் கூரைத் தகரத்துக்கு நூறு வருஷமாக முதல் பிறவியே முடியவில்லை. அது வேறு கதை.

போன நவம்பர் மழையில் எங்கள் தோட்டத்து மேல் டிவிஷனில் மண் சரிந்து ஒரு லயம் முழுசாகப் புதைந்தது. ஐந்து பேர் போனார்கள். நான்கு உடல்களை எடுத்தார்கள். ராசம்மா என்ற அம்மா மட்டும் கிடைக்கவில்லை. பதினோராம் நாள் தோண்டுவதை நிறுத்திவிட்டார்கள். தப்பியவர்கள் பள்ளிக்கூடத்தில் தங்கினார்கள். ஊரெல்லாம் இரக்கப்பட்டு லொறி லொறியாகப் பழைய உடுப்பு அனுப்பியது. குளிரில் நடுங்குகிறவர்களுக்குக் கை இல்லாத நைட்டி அனுப்பிய புண்ணியவான்களும் உண்டு. முகாம் மூடியதும் மிஞ்சிய மூட்டைகளை நாங்கள் எடுத்து வந்தோம்.

அதில் ஒரு உரப்பைக்குள் மெரூன் நிறத்தில் ஒரு முழுக்கைச் சட்டை இருந்தது. உறுதியான துணி. அவசரத்தில் நான் அளவைப் பார்க்கவில்லை. நானேதான் வெட்டினேன். முப்பது கோட்டு, கோட்டுக்கொரு துண்டு. இடது கைத் துண்டுகள் வைத்த பன்னிரண்டு கோட்டும் முதலிலேயே கொழும்புக்குப் போய்விட்டன. மிச்சம் பதினெட்டை வெள்ளிக்கிழமைக்குள் அனுப்ப வேண்டும்.

அன்று 3.20க்குக் கரண்ட் போனது. என்னுடையது காலால் மிதிக்கிற மெஷின், கரண்ட் வேண்டாம். மற்றவர்கள் கிளம்பினார்கள்.

"அக்கா, வாங்க போவோம். மூட்டம் எறங்குது," என்றாள் பூரணி. எங்களில் தையல் பிரிப்பதில் அவள்தான் கெட்டிக்காரி.

"நீங்க போங்க. ரெண்டு கோட்டு கெடக்கு, முடிச்சிட்டு வாறேன்."

கதவைச் சாத்தி உள்ளே கொக்கி போட்டேன். ஜன்னலுக்கு வெளியே தேயிலை மறைந்துவிட்டது. வெள்ளையாகப் பனிமூட்டம் மட்டும் நின்றது.

3.40. தைத்து முடித்த கோட்டை மடிக்கும்போது தோள் பக்கம் ஈரம். காலையில்தான் அந்தத் துணியை அயர்ன் பண்ணியிருந்தேன். கூரை ஒழுகுகிறதோ என்று அண்ணாந்து பார்த்தேன். மழையே இல்லை. முகர்ந்து பார்த்தேன். சவர்க்கார வாசம் இல்லை. செம்மண் வாசம்.

3.48. எனக்குப் பின்னால் சத்தம்.

டிக்...

சின்னச் சத்தம்தான். நூல் அறுபடுகிற சத்தம். ஒன்பது வருஷம் கேட்ட காதுக்கு அது தெரியாமல் போகுமா? திரும்பினேன். கம்பியில் கோட்டுகள் தொங்கின. யாரும் இல்லை.

டிக்... டிக்...

"பூரணி! வெளையாடாத. வேல கெடக்கு."

கதவைப் பார்த்தேன். கொக்கி போட்டபடியே இருந்தது.

எழுந்து போய் முதல் கோட்டைத் தொட்டேன். மெரூன் துண்டு இருந்த இடத்தில் ஓட்டை. கிழிக்கவில்லை. ஒவ்வொரு தையலாகப் பிரித்து எடுத்திருந்தது. அடுத்த கோட்டிலும் ஓட்டை. அதற்கடுத்ததிலும். தரையில் நூல் துண்டுகள் சின்னக் குவியலாகக் கிடந்தன. எல்லாம் நனைந்திருந்தன.

4.02. பதினெட்டையும் பார்த்து முடித்தேன். ஒன்றில்கூட மெரூன் இல்லை. எனக்குக் கோபம்தான் வந்தது. மூன்று நாள் வேலை!

வெட்டுகிற மேசைப் பக்கம் போனேன்.

துண்டுகள் அங்கே இருந்தன.

வரிசையாக. ஒன்றோடு ஒன்று ஓரம் சேர்த்து. கழுத்து... நெஞ்சு... வலது கை... மணிக்கட்டு வரைக்கும். ஒரு சட்டை மல்லாந்து படுத்திருந்தது.

இடது பக்கம் வெறும் பலகை.

டிக் சத்தம் நின்றுவிட்டது.

4.10. நெஞ்சுப் பக்கத் துண்டுகள் அசைந்தன. காற்று இல்லை. ஜன்னல் சாத்தியிருந்தது. ஏறி... இறங்கி... ஏறி... இறங்கி...

மூச்சு.

ஓடுவதற்குக் கதவுப் பக்கம் திரும்பினேன்.

என் காதுக்குப் பக்கத்தில்... ஈரமான குரல்.

"கை எங்கக்கா?"

மேசையின் இடது பக்கத்தைத் திரும்பிப் பார்த்தேன்.

"இன்னொரு கை எங்கக்கா?"

பிறகு என் இடது மணிக்கட்டை ஏதோ பிடித்தது. குளிர்ந்த விரல்கள். சின்ன விரல்கள். தைக்கிறவள் துணியைத் தடவிப் பார்ப்பதுபோல மெதுவாக முழங்கை வரைக்கும் தடவியது...

எப்படிக் கொக்கியைத் திறந்தேன் என்று தெரியாது. காலில் செருப்பு இல்லை. காலையில் ஆட்களுக்கு வேலை பிரித்துக் கொடுக்கிற பெரட்டுக் களத்துக்கு வந்து விழுந்தபோது மணி 4.25 என்று அங்கே நின்றவர்கள் சொன்னார்கள்.

மறுநாள் காலையில் பூரணியைக் கூட்டிக்கொண்டு போனேன். துண்டுகள் மேசையில் அப்படியே கிடந்தன. அவை வந்த உரப்பையைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது.

"அக்கா, இது குடுத்த துணி இல்ல. மண்ணுலேர்ந்து தோண்டி எடுத்தது. சொந்தக்காரங்க வந்து அடையாளம் பாக்கட்டும்னு ஸ்கூல் மூலையில தனியா வச்சிருந்தாங்க."

செத்தவர் துணியை உயிரோடிருப்பவர் உடுத்துவது எங்களிடம் இல்லை. உடல் கிடைக்காவிட்டால் மலைச்சரிவில் வளரும் மானாப்புல்லில் உருவம் கட்டி, அவர் உடுத்ததை அதற்குப் போட்டு, பெயர் சொல்லி மூன்று தரம் கூப்பிட்டு எரிப்பார்கள். எரிக்கிற வரைக்கும் அந்த ஆத்மா சுற்றிக்கொண்டுதான் இருக்கும். கிடைக்காதது ராசம்மாவின் உடல் மட்டும்தான். அப்படியென்றால் அவருடைய சட்டையைத்தான் நான் வெட்டியிருக்கிறேன். பாவி நான். கொழும்புக்குப் போன் பண்ணினேன். பன்னிரண்டு கோட்டும் கப்பல் ஏறிவிட்டதாம்.

இருந்த துண்டுகளைக் கையாலேயே சேர்த்துத் தைத்தேன். ஒரு கை இல்லாத சட்டையை எடுத்துக்கொண்டு ராசம்மாவின் புருஷன் பழனியாண்டியிடம் போனேன். அவர் தற்காலிகக் கொட்டிலில் இருந்தார். நடந்ததைச் சொல்லிக் காலில் விழுந்தேன். அவர் சட்டையைப் புரட்டிப் பார்த்தார்.

"இது அவளோடது இல்லம்மா."

"நல்லா பாருங்க மாமா."

"அவ ஆளு பெருசு. இது சின்னப் புள்ளைக்குத்தான் பத்தும். அவளுக்குப் பதினாறாம் நாளே அவ சேலையப் போட்டு எரிச்சாச்சு."

அப்போதுதான் அளவைப் பார்த்தேன். பதினைந்து, பதினாறு வயதுப் பெண்ணுக்கான தோள். ஒன்பது வருஷம் அளவுநாடாவோடு வாழ்ந்தவளுக்கு அது முதலிலேயே தெரிந்திருக்க வேண்டும். அறுபது வயது ராசம்மா என்னை அக்கா என்று கூப்பிடவும் மாட்டார்.

"இத நாந்தான் எடுத்தேன்," என்றார் அவர். "எங்க லயத்துல கடைசிக் காம்பரா. பூட்டிக் கெடந்துச்சு, ஆளில்லன்னாங்க. மூணாம் நாளு தோண்டுனோம். பட்டன் அத்தனையும் போட்டபடியே கெடந்துச்சு. உள்ள ஒண்ணுமில்ல."

சட்டையின் இடது தோளைத் தடவினார்.

"எடது கை மட்டும் மண்ணுக்குள்ள மாட்டியிருந்துச்சு. இழுத்தேன். திருப்பி இழுத்துச்சு. கல்லுல மாட்டியிருக்கும்னு நெனச்சி... வெடுக்குனு புடுங்கிட்டேன்."

"யார்ட்டயும் சொல்லலையா?"

"சொன்னேன். லிஸ்ட்டுல அஞ்சு பேருதான், ஆறாவது ஆளில்லன்னாங்க."

அந்தக் காம்பராவின் சொந்தக்காரர்கள் வத்தளைக்குப் போய் மூன்று வருஷம். போன் பண்ணினேன். நாலு பேரும் உயிரோடு இருக்கிறார்கள். சாவி அவர்களிடம்தான் இருக்கிறது. அந்த வீட்டில் பெண்பிள்ளையே கிடையாது. தோட்டத்தில் லயம் லயமாகக் கேட்டேன். பள்ளிக்கூடத்தில் கேட்டேன். காணாமல் போனவள் என்று ஒருத்தியும் இல்லை.

அரசாங்கக் கந்தோருக்கும் போனேன். செந்தூரன் என்று யாழ்ப்பாணத்து உத்தியோகத்தர். நல்ல மனுஷன். கேலி செய்யாமல் முழுதும் கேட்டார். படிவத்தை எடுத்தார்.

"பேர் சொல்லுங்கோ."

"தெரியாதுங்க சேர்."

"வயசு?"

"பதினஞ்சு, பதினாறு இருக்குங்க."

"இருக்கும் எண்டு நான் எழுத ஏலாது அம்மா. ஆற்றையோ பிள்ளையாய் இருக்க வேணுமே. தாய் தேப்பன் ஆரும் வரேல்லையோ?"

யாருடைய பிள்ளை என்று சொல்ல யாரும் வரவில்லை. அந்த இடத்தைக் கம்பி அடித்து மூடிவிட்டார்கள். இனி அங்கே தோண்ட விடமாட்டார்கள்.

ஓட்டைகளை வேறு துணியால் அடைத்து அந்தப் பதினெட்டுக் கோட்டையும் அனுப்பிவிட்டோம். வேறு வழி இல்லை. ஒன்பது வீட்டு அடுப்பு எரிய வேண்டும்.

போன வெள்ளிக்கிழமை, நானும் பூரணியும் பழனியாண்டி மாமாவும் ஆற்றங்கரைக்குப் போனோம். அவரே மானாப்புல் அறுத்து உருவம் கட்டினார். இடது கையையும் புல்லால் கட்டினார். நான் சட்டையைப் போட்டுவிட்டு ஐந்து பட்டனையும் மாட்டினேன். கோயில் பூசாரி சூடத்தை ஏற்றிக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"மூணு தரம் பேரச் சொல்லிக் கூப்புடணும். புள்ள பேரு என்னம்மா?"

பூரணி என்னைப் பார்த்தாள். நான் மாமாவைப் பார்த்தேன். சூடம் எரிந்து முடியும்வரை மூன்று பேரும் நின்றோம். ஒருவருக்கும் தெரியவில்லை.

எரிக்காமலே திரும்பி வந்துவிட்டோம்.