ஜிம்மியிடம் சொல்லியனுப்பியவர்

சென்ற மாதம் ஒரு வியாழக்கிழமை. மூன்றாவது பீரியடில் கரும்பலகையில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். திருவண்ணாமலையிலிருந்து வரும் பஸ் கீழ்பென்னாத்தூரில் எங்கள் பள்ளிக்கூடத்து வாசலில் நின்றது. அங்கே ஸ்டாப்பிங் கிடையாது. கண்டக்டர் முனிரத்தினம் இறங்கி, தோல்பையை அணைத்துப் பிடித்தபடி மைதானத்தைத் தாண்டி ஓடி வந்தார். வகுப்பு வாசலில் மூச்சு வாங்க நின்றார்.

"சார், உங்க மாமனார் பூட்டாரு சார். பஸ் ஸ்டாண்டுல டிக்கெட் போட்டுனே இருந்தாரு. நெஞ்சப் புடிச்சினு உக்காந்தவருதான்."

சாக்பீஸைக் கீழே வைத்தேனா, கையிலேயே வைத்துக்கொண்டு பஸ் ஏறினேனா என்பது இப்போது நினைவில்லை. வேட்டியெல்லாம் வெள்ளைப் பொடியாக இருந்ததாக என் மனைவி சரோஜா பிறகு சொன்னாள்.

என் மாமனார் கோதண்டம் அவர்கள் முப்பது ஆண்டுகள் தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். அந்த வழித்தடத்தில் போய் வந்தவர்கள் அவரை நன்றாக அறிவார்கள். அறியாதவர்களுக்கு ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் கல்யாணம் ஆன இந்தப் பதினொரு வருடத்தில் அவர் என் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை. அப்படியிருக்க, அஞ்சலி எழுத நீ யாரப்பா என்று கேட்பீர்கள். அவர் என்னிடம் சொல்ல நினைத்ததையெல்லாம் நாயிடம் சொன்னார். பக்கத்திலிருந்து கேட்டவன் நான்.

சரோஜா ஆசிரியர் பயிற்சியில் என்னோடு படித்தவள். சாதி வேறு. எழுபத்து நான்கில் பதிவாளர் அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுக் கல்யாணம் செய்துகொண்டோம். சேதி தெரிந்ததும் மாமனார் பஸ் ஸ்டாண்டில் பத்துப் பேர் நடுவில் மலையைப் பார்த்துக் கைநீட்டி, "அண்ணாமலையார் மேல சத்தியம், அவன் மூஞ்சியப் பாத்து ஒரு வார்த்தை பேச மாட்டேன்" என்று சொல்லிவிட்டார். வேறு ஊராக இருந்தால் கோபத்தில் சொன்னது என்று விட்டுவிடலாம். எங்கள் ஊரில் முன்வாசலில் நின்றாலும் மலை, பின்வாசலில் நின்றாலும் மலை.

மறு வருடம் சரோஜா பிரசவத்துக்குத் தாய்வீடு போனாள். அத்தை, அதாவது என் மாமியார், அவர்தான் பிடிவாதம் பிடித்து அழைத்துக்கொண்டார். ஞாயிறுதோறும் நான் போய் முன்னறையில் அரை மணி நேரம் விருந்தாளி போல உட்கார்ந்துவிட்டு வருவேன். மாமனார் டியூட்டியில் இருப்பார். அது இருவருக்குமே வசதியாக இருந்தது.

அந்த வீட்டில் ஜிம்மி என்று ஒரு குட்டி நாய் இருந்தது. ஒரு மழை நாளில் ஷெட்டுக்கு வந்த பஸ்ஸின் கடைசி சீட்டுக்கு அடியில் சுருண்டு கிடந்ததை மாமனார் மடியில் கட்டிக்கொண்டு வந்தாராம். "என் சர்வீஸ்ல டிக்கெட் இல்லாம வந்தவன் இவன் ஒருத்தன்தான்" என்பது அவர் எல்லோரிடமும் சொல்லும் பெருமை.

பள்ளிக்கு விடுமுறை விட்ட ஒரு செவ்வாய்க்கிழமை, அவர் வீட்டில் இருப்பார் என்று தெரியாமல் போய்விட்டேன். பின்கட்டில் அவர் ஜிம்மியைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார். வழக்கமாக நாயைப் பிடித்துக்கொள்பவள் சரோஜா. நிறைமாதக்காரியால் குனிய முடியவில்லை. அத்தைக்கு நாயைத் தொட்டால் இழுப்பு வந்துவிடும். ஜிம்மி உடம்பு முழுக்க சோப்பு நுரையோடு நழுவி, அடுப்படி வழியாக, கூடம் வழியாக, வழியில் அத்தை காயவைத்திருந்த வடகத்தின் மேலேயே ஏறி வந்தான். தெருவாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த நான் அவனை வாரிப் பிடித்துவிட்டேன். சலவை வேட்டி, சட்டை, எல்லாம் போயிற்று.

பின்கட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனேன். மாமனார் கையில் சொம்போடு நின்றார். மலையைப் பார்த்தார். நாயைப் பார்த்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்:

"டேய் ஜிம்மி, புடிக்கிறவன ஒழுங்கா புடிக்கச் சொல்லு. முன்னங்கால் ரெண்டையும் சேத்து. கண்ணுல சோப்பு பட்டுடப் போவுது."

எனக்கும் ரோஷம் குறைச்சல் இல்லை. "ஜிம்மி, சுடுதண்ணி கொஞ்சம் சூடு ஜாஸ்தியா இருக்குதுன்னு மாமாகிட்ட சொல்லு" என்றேன். அவர் ஒரு சொம்பு பச்சைத் தண்ணீரை அண்டாவில் கலந்தார். உள்ளேயிருந்து சரோஜா சிரிக்கும் சத்தம் கேட்டது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது அவர் வீட்டில் இருந்தார். லீவு மாறியிருக்கும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அன்று தொடங்கி, ஞாயிறு ஒன்பது மணி என்றால் பின்கட்டில் துணி துவைக்கிற கல்லின் மேல் ஜிம்மி, ஒரு பக்கம் நான், ஒரு பக்கம் அவர்.

அவருடைய குளிப்பாட்டலுக்கு ஒரு முறை உண்டு. முதலில் வேப்பிலை போட்டுக் காய்ச்சிய தண்ணீர். பிறகு உண்ணி எடுப்பது. எடுத்த உண்ணியைக் கொட்டாங்கச்சியில் இருக்கும் மண்ணெண்ணெயில் போடவேண்டும், கீழே போட்டால் திட்டு விழும், அதுவும் ஜிம்மிக்குத்தான். பிறகு சோப்பு. எல்லாவற்றுக்கும் மேல் விசில். பஸ்ஸை நிறுத்த ஒரு விசில், கிளப்ப இரண்டு விசில் அல்லவா? ஒரு விசில் ஊதினால் ஜிம்மி எங்கிருந்தாலும் வந்து கல்லில் ஏறவேண்டும். இரண்டு விசில் கேட்கும்வரை உடம்பை உதறக் கூடாது. நனைந்த நாய்க்கு உதறாமல் நிற்பது எவ்வளவு பெரிய தவம் என்று அதைப் பிடித்திருந்தவனுக்குத் தெரியும். முதுகுத் தோல் துடிக்கும், காது துடிக்கும், நிற்பான். அவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, எட்டத் தள்ளி நின்று, "போலாம், ரைட்" என்று இரண்டு விசில் ஊதுவார். தண்ணீர் முழுக்க என் மேல்தான். அவர் மீசைக்குள் சிரிப்பார்.

கல்லின் அந்தப் பக்கத்திலிருந்து என்னைக் குறிக்கும் சொல் கொஞ்சம் கொஞ்சமாக மாறியது. 'அவன்' என்பது எங்கள் மகன் பிறந்த பிறகு 'அந்த ஆளு' ஆயிற்று. 'அந்த ஆளு' மகன் பள்ளியில் சேர்ந்த வருடம் 'வாத்தியாரு' ஆயிற்று. அதற்கு மேல் நகரவில்லை. ஒருமுறை அத்தையிடமே கேட்டேன்.

"நானும் சொல்லிட்டேங்க. கோயில்ல ஒரு தேங்காய ஒடச்சிட்டுப் பேசிடுங்கன்னு. 'மலை பாத்துனே கீதே, எப்படிடீ பேசறது'ன்றாரு. அவரு பேசிட்டா உங்களுக்கும் பேரப்பிள்ளைக்கும் ஏதாச்சும் ஆயிடும்னு பயம்."

அந்தப் பயம் எனக்குப் புரிந்தது. புரிந்தும், ஒரு தடவை பொறுமை போய்விட்டது. டவுனுக்கு வெளியே வேங்கிக்காலில் நாங்கள் வீடு கட்டிப் பால் காய்ச்சிய அன்று அவர் வந்தார், சாப்பிட்டார். என் பள்ளிக்கூடத்து நண்பர்கள் முன்னால் நான் வாங்க என்று கும்பிட, சுவரைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனார். நண்பர்கள் சிரித்துவிட்டார்கள். சுருக்கென்றது. இனி அந்த வீட்டுப் பின்கட்டில் கால் வைப்பதில்லை என்று முடிவு செய்தேன். மூன்று ஞாயிறு போகவில்லை.

நான்காவது ஞாயிறு காலை வீட்டு கேட்டில் ஒரு விசில் கேட்டது. மாமனார் நின்றிருந்தார். ஒரு கையில் ஜிம்மியின் சங்கிலி, மறு கையில் சோப்பு டப்பா. டவுனிலிருந்து அந்த வெயிலில் இருவரும் நடந்தே வந்திருந்தார்கள். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. என்னைப் பார்க்காமல் குனிந்து நாயிடம் பேசினார்.

"ஜிம்மி, மாப்பிள்ளை வீட்லதான் கீறாரு. ஒடம்பு பூரா உண்ணி. நா ஒண்டியா புடிக்க முடியலன்னு மாப்பிள்ளைகிட்ட சொல்லுடா."

நான் கேட்டைத் திறந்து சங்கிலியை வாங்கிக்கொண்டேன். புது வீட்டின் புதுத் தொட்டியில் முதலில் குளித்தவன் ஜிம்மிதான். மாப்பிள்ளை என்று அதற்குப் பின் எத்தனையோ முறை சொன்னார். எல்லாம் ஜிம்மியிடம்.

இறந்த மறுநாள் அவரை எடுத்தோம். கிழவனாகிவிட்ட ஜிம்மி, விரட்டியும் கேளாமல், பாடைக்குப் பின்னாலேயே சுடுகாடு வரை வந்தான். திரும்பும் வழியில் முனிரத்தினம் என் பக்கத்தில் நடந்தார்.

"ஞாயித்துக்கிழமை கூட்டம் ஜாஸ்தி சார். அன்னிக்கு லீவே தர மாட்டாங்க. செவ்வாக்கெழம லீவுல இருந்தவரு, மொதலாளிகிட்ட சண்ட போட்டு மாத்தினாரு. நாயக் குளிப்பாட்ட ஏன்யா ஞாயிறு, செவ்வாக்கெழம தண்ணி வராதான்னு நாங்க கிண்டல் பண்ணுவோம். வாத்தியாருக்கு அன்னிக்குத்தான் லீவுன்னுவாரு."

சாவுக்குப் போய் வந்தவர்கள் குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் போகவேண்டும். பின்கட்டில் ஒவ்வொருவராகத் தலையில் ஊற்றிக்கொண்டு உள்ளே போனார்கள். கடைசியாக நான் குளித்துத் திரும்பினால், கல்லின் மேல் ஜிம்மி ஏறி நிற்கிறான். அவனும்தானே போய் வந்தான்.

பிடித்துக்கொள்ள ஆள் இல்லை. பிடிக்கவும் வேண்டியிருக்கவில்லை, கல்லோடு கல்லாக நின்றான். ஒரு கையால் அவன் கண்ணை மறைத்துக்கொண்டு சோப்புப் போட்டேன். தண்ணீர் ஊற்றி முடித்தேன். அவன் உதறவில்லை. முதுகுத் தோல் துடிக்கிறது, காது துடிக்கிறது, பின்வாசல் கதவையே பார்த்துக்கொண்டு சொட்டச் சொட்ட நிற்கிறான்.

சரோஜா ஆணியில் தொங்கிய விசிலை எடுத்து வந்து என் கையில் கொடுத்தாள்.

பழக்க தோஷத்தில், "ஜிம்மி, கண்ணுல சோப்பு படலன்னு மாமாகிட்ட சொல்லு" என்று வாய்வரை வந்துவிட்டது. அப்போதுதான் உறைத்தது. சத்தியம் செய்தவர் அவர். நான் எந்தச் சத்தியமும் செய்யவில்லை. எந்த ஞாயிற்றுக்கிழமையும், கல்லுக்கு இந்தப் பக்கம் நின்று, அவர் முகத்தைப் பார்த்து நான் பேசியிருக்கலாம். அவர் அதற்காகவே காத்திருந்தாரோ என்னவோ.

மலையைப் பார்த்து, நாயை நடுவில் வைக்காமல், முதல்முறையாக நேராகச் சொன்னேன்.

"கண்ணுல சோப்பு படல மாமா. நீங்க போய்ட்டு வாங்க."

இரண்டு விசில் ஊதினேன். ஜிம்மி உதறினான்.