பலிபீடத்தின் முன்னால் ஒரு தையல் மெஷின்

எங்கள் சபையில் அறுப்பின் பண்டிகை ஏலம் கூறுகிறவன் நான். மூன்று அலமாரி புத்தகம் வாசித்தவன், பூசணிக்காயைத் தூக்கிப் பிடித்து “ஒரு தரம், ரெண்டு தரம்” என்று கத்துவதோடு என் அறிவு வாழ்க்கை நிறைவு பெறுகிறது. காணிக்கையாக வந்த ஒற்றை எலுமிச்சம்பழம் ஒரு மூட்டையின் விலைக்குப் போகும். கர்த்தருக்காக என்பார்கள். எதிர்வரிசைக்காரர் தோற்க வேண்டும் என்பதற்காகத்தான் என்று கர்த்தருக்கும் தெரியும்.

தாமிரபரணி வீடுகளுக்குள் புகுந்து போனதற்கு அடுத்த வருஷம் அது. வெள்ளத்தில் தையல் மெஷினை இழந்த ஒரு விதவை, பள்ளிக்கூடம் திறக்குமுன் ஐம்பது சீருடை தைத்துத் தர ஒப்புக்கொண்டிருந்தாள். தவறினால் அந்த வேலை வேறு கைக்குப் போய்விடும். இரண்டு பெண்பிள்ளைகளை வைத்துக்கொண்டு அவளுக்கு வேறு வழி கிடையாது. கமிட்டி ஆண்கள் மூன்று முறை கூடி வடை தின்றோம். அதற்குள் சபைப் பெண்களின் சங்கமான அன்னையர் ஐக்கியத்தார் வீடு வீடாய் ஏறி இறங்கி ஒரு மெஷின் வாங்கிவிட்டார்கள். அவர்களில் பாதிப் பேர் வீட்டுச் சுவரில் வெள்ளக் கறை இன்னும் போகவில்லை.

ஜெபித்துக் கொடுக்கலாம் என்று பண்டிகையன்று அதைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டு, அசன விருந்துக்கு இலை போடப் போய்விட்டார்கள். அன்று அங்கே இருப்பது எதுவானாலும் ஏலத்துக்குத்தான். வாழைத்தாருக்கும் சேவலுக்கும் நடுவே நின்ற மெஷினை, யாருடையது என்று கேட்காமல் ஏலம் கூறினேன். இரும்புக்கடை அண்ணாச்சியும் ஓய்வுபெற்ற தாசில்தாரும் மோதினார்கள். ஊசியில் நூல் கோக்கத் தெரியாத இருவரில் அண்ணாச்சி ஜெயித்தார். கைதட்டினோம்.

“என்னத்த ஏலம் விட்டிய?” என்றாள் என் மனைவி. “கண்ணு எங்கன இருந்துச்சி, வாய்க்குள்ளயா?”

ஏலம் போனது போனதுதான் என்றது கமிட்டி. அண்ணாச்சியிடம் போய் நின்றேன். “சபை முன்னால ஜெயிச்சு எடுத்தது. திருப்பிக் குடுத்தா தாசில்தார் சிரிப்பாருல்லா வே” என்றார்.

மறுநாள் காலை, சீருடைத் துணியோடு ஆறு தாய்மார் அந்த விதவையை அழைத்துக்கொண்டு அண்ணாச்சி வீட்டுக்கே போனார்கள். மூட்டை தூக்க நான். அண்ணாச்சியின் மனைவியும் ஐக்கியத்தில் ஓர் ஆள்தான். “உள்ள வாங்க மயினி, ஹால்லதான் வெளிச்சம்” என்று கதவை அகலத் திறந்தார். விதவை மெஷினில் உட்கார்ந்தாள். ஒருத்தி வெட்ட, ஒருத்தி காஜா எடுக்க, ஹால் நிறைந்துவிட்டது.

பல் தேய்த்தபடி வந்த அண்ணாச்சி, “என்னட்டி இது, வீடா கடையா?” என்றார்.

“நீங்க ஜெயிச்ச மெஷின் ஓடுதான்னு பாக்குதோம். நல்லா ஓடுது. பைய நடங்க, கீழ ஊசி கெடக்கு” என்றார் அவர் மனைவி.

மூன்று நாள் அண்ணாச்சி அடுக்களையில் நின்றுகொண்டே இட்லி தின்றார். நான்காம் நாள் அவரே லோடு ஆட்டோ கூட்டி வந்தார். “எடுத்துட்டுப் போங்கம்மா. எனக்கு உக்கார எடமில்ல.”

“இந்தச் சட்டைக் கைய முடிச்சிட்டு எந்திக்கேன் அண்ணாச்சி” என்றாள் அவள், தலையைத் தூக்காமல். அண்ணாச்சி காத்து நின்றார்.

அன்று மாலையே கமிட்டி கூடி, மெஷினை நன்கொடையாக வழங்கிய அண்ணாச்சியின் தாராள மனதுக்கு நன்றித் தீர்மானம் போட்டது. நல்ல தமிழில் எழுதிக் கொடுத்தவன் நான். பள்ளிக்கூடம் திறக்க எட்டு நாள் இருந்தது. அவள் கடைசிச் சட்டைக்குப் பொத்தான் வைத்துக்கொண்டிருந்தாள்.