பஸ் ஓடாத வாரத்துப் பெரியம்மா

எனக்கு அப்போது ஏழு வயது. சாரதிகளின் வேலைநிறுத்தம் தொடங்கிய அன்று, பஸ்கள்தான் ஏதோ கோபத்தில் வெளியே வராமல் நிற்கின்றன என்று நினைத்தேன். அதுவரை அம்மா என்னை இரண்டு பஸ் மாறிப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போவார். இப்போது அந்தப் பொறுப்பு, பழைய வான் ஒன்று வைத்திருந்த சித்தப்பாவிடம் வந்தது.

வானில் நான் மட்டும் போகவில்லை. கனடாவில் நாங்கள் இருந்த அஜின்கோர்ட் பகுதியில், பஸ் இல்லாமல் குளிரில் நின்ற மூன்று பேரையும் சித்தப்பா காசுக்கு ஏற்றி, தன் தொழிற்சாலைப் பக்கம் இறக்கிவிடுவார். அனுமதி இல்லாமல் அப்படி ஏற்றுவது குற்றம். அதனால் முதல் நாளே எனக்குப் பாடம் நடந்தது.

"ஆரும் கேட்டால் எல்லாரும் எங்கட சொந்தக்காரர் எண்டு சொல்லவேணும். முன்னுக்கு இருக்கிறவர் மாமா. நடுவில மாமி. யன்னல் பக்கம் பெரியம்மா."

எனக்குத் தலை சுற்றியது. பொய் சொல்லக் கூடாது என்று என்னை அடிக்கடி ஏசுபவரும் இதே சித்தப்பாதான்.

மூன்றாம் நாள் அந்தப் பெரியம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தார். அம்மாவின் பெயரைக் கேட்டார். சொன்னேன். உடனே யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அடுத்த நாள் பொலிஸ் மறித்தது. பொலிஸ்காரர் குனிந்து, இவர்களெல்லாம் யார் என்று ஆங்கிலத்தில் கேட்டார். நான் முந்திக்கொண்டு ஒவ்வொருவராகக் காட்டி உறவு சொன்னேன். மாமாவும் மாமியும் தலையாட்டினார்கள். பெரியம்மா மட்டும், "ஓம், இவ என்ர தங்கச்சியின்ர பிள்ளை" என்று பதற்றத்தில் தமிழில் சொல்லி, பிறகு ஆங்கிலத்திலும் சொன்னார். குரல் தழுதழுத்தது. எங்களைப் போக விட்டுவிட்டார்கள். இவ்வளவு நன்றாக நடிப்பவரை நான் அதுவரை கண்டதில்லை.

பள்ளிக்கூட வாசலில் இறங்கும்போது அவர் என் கையைப் பிடித்தார்.

"அம்மா இப்பவும் நித்திரையில கதைக்கிறவவோ?"

ஓம் என்றேன். இது இவருக்கு எப்படித் தெரியும்? அன்று கணக்குப் பாடம் ஒன்றும் தலைக்குள் ஏறவில்லை.

பின்னேரம் அம்மாவிடம் சொன்னபோது, வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்த கை நின்றது. "மெலிஞ்சு போனாவோ?" என்று மட்டும் கேட்டார். முன்பு எப்படி இருந்தவர் என்று தெரியாமல் நான் என்ன சொல்வது?

அம்மாவின் கலியாணத்தில் மூண்ட சண்டையோடு அக்காவும் தங்கையும் பேச்சை நிறுத்தியதும், ஒரே நகரத்தில் ஒருவர் இருக்கும் இடம் மற்றவருக்குத் தெரியாமல் போனதும், பிந்திக் கனடா வந்த சித்தப்பா அந்த முகத்தையே கண்டிராததும் நான் வளர்ந்தபின் அறிந்தவை.

மறுநாள் காலை அம்மாவும் வானில் ஏறி யன்னல் பக்கம் இருந்தார். பெரியம்மா கதவைத் திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"குளிர் வருது, ஏறுங்கோ" என்றார் சித்தப்பா.

ஏறி அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்தார். இரண்டு சிக்னல் தாண்டியபின் திரும்பிப் பார்த்தால் இருவரும் சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தார்கள். பொலிஸ் பயம்தான் என்று எனக்கு விளங்கிவிட்டது. பாவமாக இருந்தது.

"பயப்பிடாதேங்கோ அம்மா," என்றேன். "பொலிஸ் வந்தால், நீங்கள் ரெண்டுபேரும் அக்கா தங்கச்சி எண்டு நான் சொல்லுறன்."