கலைக்களஞ்சியத்துக்குள் எல்மர் டக்கெட்

அமெரிக்காவின் டொலீடோ நகரத்தில் வெர்னா யப்லோன்ஸ்கியிடம் பல் சுத்தம் செய்துகொள்ளப் போகிறவர்கள் பேஸ்பால் அட்டைகளைப் பற்றி அவள் பேசுவதைக் கேட்டே தீர வேண்டும். வாய் திறந்திருக்கும், குறுக்கே பேச முடியாது. வெர்னாவுக்கு அதைவிட என்ன வேண்டும்?

அந்தக் காலத்தில் சூயிங்கம் பொட்டலத்தோடு வந்த, ஆட்டக்காரர்களின் படம் போட்ட அட்டைகள் அவை. அட்டை கிடைத்தால் போதும் என்கிற ரகமில்லை அவள். நான்கு மூலையும் கூர் மழுங்காமல் இருக்க வேண்டும். மடிப்போ கறையோ கூடாது. படம் ஒரு பக்கமாக ஒதுங்கியிருந்தால்கூடத் தள்ளிவிடுவாள். பூதக்கண்ணாடியும் கையுமாக அவள் உட்காரும்போதெல்லாம் கணவன் மெர்ல் சொல்வான்: "கல்யாணத்துக்கு முன்னாடி என்னை ஒரு தடவை இப்படி உத்துப் பாத்திருந்தா, வேண்டாம்னு ஓடிப்போயிருப்பா."

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்து மூன்றில் வந்த அட்டை வரிசையில் அவளிடம் இல்லாதது ஒரே ஒரு அட்டை. எல்மர் டக்கெட். ஒரே வருடம் ஆடிவிட்டுக் காணாமல் போனவர். அட்டையும் கொஞ்சம்தான் அச்சானது. கண்ணில் பட்டவை எல்லாம் கிழிசலும் கசங்கலும்தான். வெர்னா வேண்டாமென்று திரும்பிவிடுவாள்.

ஒரு சனிக்கிழமை, வீட்டைக் காலி செய்யும் டோரிஸ் வெட்டர் என்கிற அம்மாள் பழைய சாமான்களை வாசலில் பரப்பி விற்றுக்கொண்டிருந்தாள். மேசை விளக்கு வாங்கப் போன வெர்னா, கனமான கலைக்களஞ்சியம் ஒன்றைச் சும்மா பிரித்தாள். ஒன்றோடொன்று ஒட்டியிருந்த தாள்கள் படபடவென்று விலகின. நடுவில் எல்மர் டக்கெட் சிரித்துக்கொண்டிருந்தார். நேற்றுத்தான் அச்சகத்திலிருந்து வந்தவர் போல!

பேசாமல் புத்தகத்தை மூடிச் சில்லறை கொடுத்து வாங்கிப் போயிருக்கலாம். அந்த யோசனை வருவதற்குள் அவள் தொண்டை முந்திக்கொண்டது.

"ஐயோ! எல்மர் டக்கெட்! எல்மர் டக்கெட்!"

"யாருங்க அவரு? மயக்கம் போட்டுட்டாரா?" டோரிஸ் ஓடிவந்தாள். அட்டையைப் பார்த்ததும் இடுப்பில் கை வைத்தாள். "அட திருட்டுப் பயலே! இத நான் திருடிட்டேன்னு சொல்லித்தானே எங்கம்மாகிட்ட என்னை மாட்டிவிட்டான் எந்தம்பி!"

இரண்டு தெரு தள்ளியிருந்த தம்பி ரோமனுக்குப் போன் பறந்தது. பாதி முகத்தில் சவர நுரையோடு வந்து சேர்ந்தான்.

"கை! கைய மொதல்ல கழுவுங்க!" வெர்னா அலறினாள்.

ரோமன் கழுவிக்கொண்டு வந்து பார்த்தான். காது வரை சிவந்துவிட்டான். "நான்தான் ஒளிச்சு வெச்சேன். உன் கைக்கு எட்டக் கூடாதுன்னு. அப்புறம் எங்க வெச்சேன்னே மறந்துபோச்சு. நீ புஸ்தகத்தத் தொடவே மாட்டியே!"

"நீ மட்டும் தொட்டியா?"

"நம்ம வீட்ல ஒருத்தரும் தொடல. அதனாலதான் இன்னிக்கும் புதுசா இருக்கு!"

இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். வெர்னாவும் சேர்ந்து சிரித்துவிட்டு, அட்டையை ரோமனிடம் நீட்டினாள்.

"உள்ளதச் சொல்லிடறேன். இத வித்தா ஒரு புது காரே வாங்கலாம்."

"கார்தான் இருக்கே," என்றான் ரோமன். "சின்ன வயசுல என் அட்டை மூணை இவ சைக்கிள் சக்கரக் கம்பியில செருகி, டர்ர்ர்னு ஓட்டியே நாசம் பண்ணிட்டா. அந்த மூணு பேரும் உங்ககிட்ட இருப்பாங்களா? அவங்களக் குடுத்துட்டு இத எடுத்துக்குங்க."

"இருக்காங்க. ஆனா மூலையெல்லாம் மழுங்கினதுங்க. அது நியாயமில்லீங்க."

"என் அட்டை, என் நியாயம். நான் என்ன, மூலையையா பாக்கப் போறேன்?"

வெர்னா வீட்டுக்குப் பறந்துபோய், உபரி அட்டைகளைப் பெட்டியோடு தூக்கி வந்து டோரிஸின் சமையலறை மேசையில் கவிழ்த்தாள். தலை நரைத்த மூவரும் பள்ளிக்கூடப் பிள்ளைகளாகிவிட்டார்கள். "இவனுக்கு அவன்!" "போங்க, அவனுக்கு ஓடவே தெரியாது!" கேட்டது மூன்று; வெர்னா வற்புறுத்தி முழுப் பெட்டியையும் ரோமன் மடியில் திணித்தாள். டோரிஸ் அதிலிருந்து ஒரு சொத்தை அட்டையை உருவிக்கொண்டு, விற்பனைக்கு நின்ற சைக்கிளில் செருகி, தெருவை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். ரோமன் பெட்டியை அணைத்தபடி பின்னாலேயே கத்திக்கொண்டு ஓடினான்.

வெர்னா எல்மர் டக்கெட்டைப் பக்கத்து இருக்கையில் வைத்து, குலுங்காமல், நத்தை வேகத்தில் வீட்டுக்குக் காரோட்டினாள். பின்னால் வந்தவர்களெல்லாம் ஹாரன் அடித்துத் தீர்த்தார்கள். ஊரே தன்னை வாழ்த்துவதாக நினைத்துக்கொண்டு அவள் ஒவ்வொருவருக்கும் கையசைத்தாள்.