அது ஜீப் அல்ல

அந்த அலுவலகத்தில் தமிழர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். நான் வலியசாலையில் பிறந்து வளர்ந்தவள். பள்ளிக்கூடம் தொட்டு எல்லாம் மலையாளத்தில். அவன் பொன்முடியில் எஸ்டேட் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் பிறந்தவன். தேயிலை பறித்த கூலியில் பெற்றோர் அவனை இன்ஜினீயரிங் வரை படிக்க வைத்திருந்தார்கள். மற்றவர்கள் முன்னால் என்னைச் ‘சேச்சி’ என்பான். டீ குடிக்கக் கீழே இறங்கினால் ‘அக்கா’ ஆகிவிடும்.

எங்கள் சாஃப்ட்வேர் கம்பெனி மிகச் சிறியது. கரமனைப் பக்கம் ஒரு துணிக்கடையின் மேல்மாடி. அங்கே ஒரு தர்ம ஸ்தாபனத்தின் வேலை வந்தது. ஆம்புலன்ஸ், சவ வண்டி, ஜீப், பைக் என்று ஜில்லா முழுக்க வண்டிகள் வைத்திருந்தவர்கள். எந்த வண்டி எங்கே நிற்கிறது, கூப்பிட்டால் உடனே கிளம்புமா என்பதைத் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரே திரையில் பார்க்க வேண்டும் என்றார்கள்.

இந்த மாதிரி வேலைக்கு எல்லோரும் செய்வதைத்தான் நாங்களும் செய்தோம். புரோகிராமில் ‘வாகனம்’ என்று ஓர் அப்ஸ்ட்ராக்ட் கிளாஸ், அதாவது ஒரு பொது அச்சு, எழுதினோம். வெறும் வாகனம் என்று உலகத்தில் எதுவும் கிடையாது. ஜீப் உண்டு, பைக் உண்டு. ஆகவே அந்த கிளாஸ் தானாக எந்த வண்டியாகவும் ஆகாது. பதிவு எண், நிற்கும் இடம், டிரைவர் போன்ற பொதுவான சங்கதிகளைத் தனக்குக் கீழே வரும் பிள்ளை கிளாஸ்களுக்குக் கொடுக்கும், அவ்வளவுதான். ‘புறப்படத் தயாரா?’ என்ற ஒரு கேள்வியை மட்டும் அதில் பதில் எழுதாமல் விட்டோம். அந்தப் பதிலை ஆம்புலன்ஸ் தனக்கென்று எழுத வேண்டும், ஜீப் தனக்கென்று எழுத வேண்டும். எழுதாவிட்டால் புரோகிராமே ஓடாது. ஆம்புலன்ஸ், சிலிண்டரில் ஆக்ஸிஜன் போதுமான அளவு இருக்கிறதா என்று பார்க்கும். ஜீப், டீசலையும் பிரேக்கையும் டயரையும் பார்க்கும். எல்லாம் சரியென்றால் திரையில் பச்சை, இல்லையென்றால் சிவப்பு. சிவப்பில் நிற்கும் வண்டியை யாரும் அனுப்ப முடியாது.

அந்தக் கேள்வியை வெறுமனே விட வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவன் அவன்தான். எஸ்டேட்டில் எப்போதும் ஒரு வண்டி நிற்கும், ஆனால் கூப்பிட்டால் கிளம்பாது, நிற்பதும் கிளம்புவதும் ஒன்றல்ல என்று மேலாளரிடமே சொன்னான்.

வேலை முடியும் தறுவாயில் ஸ்தாபனம் புதிதாக ஒரு வண்டியைச் சேர்த்தது. பொன்முடிப் பாதையின் கொண்டை ஊசி வளைவுகளில் பெரிய ஆம்புலன்ஸ் திரும்பத் திணறுகிறது என்று ஒரு பழைய ஜீப்பை வாங்கி, உள்ளே படுக்கையும் சிலிண்டரும் பொருத்தி, மலையடிவாரத்தில் நிறுத்தப் போகிறார்கள். அவனுக்கு அன்று இருந்த சந்தோஷத்தை நான் மறக்கவில்லை. லயத்துக்கு போன் செய்து எல்லோரிடமும் சொன்னான்.

சிக்கல், அந்த வண்டியை யாருக்குப் பிள்ளையாக எழுதுவது என்பதில் வந்தது. நாங்கள் எழுதிய மொழியில் ஒரு கிளாஸுக்குத் தாய் ஒன்றுதான் இருக்க முடியும். ஆர்.சி. புத்தகத்தில் ஜீப் என்றுதானே போட்டிருக்கிறது, ஜீப்புக்குக் கீழே போடுங்கள் என்றார் மேலாளர். மலைப்பாதைக்கான சர்வீஸ் கணக்கு, டயர் கணக்கு எல்லாம் ஏற்கெனவே அங்கே எழுதியாகிவிட்டது. ஆம்புலன்ஸுக்குக் கீழே கொண்டுபோனால் அத்தனையையும் திரும்ப எழுத வேண்டும். தொடக்க விழாவோ மறுநாள். கொடியசைக்க ஆள் வருகிறார்.

“அக்கா, இது ஜீப் இல்ல. ஆளப் படுக்கவச்சு இறக்குற வண்டி. ஜீப்புக்கான ஸ்க்ரீன்ல ஆக்ஸிஜன் அளவ எழுதக்கூட இடம் இல்லியே” என்றான்.

நான் மேலாளரிடம் போய் அதையே சொன்னேன். விழா முடியட்டும் என்றார். வேறு வழியில்லாமல் அவன் ஒன்று செய்தான். வண்டியை ஜீப்புக்குக் கீழேயே வைத்தான். ஆனால் ‘புறப்படத் தயாரா?’ என்ற கேள்விக்கு அதற்கு மட்டும் தனியாக ‘இல்லை’ என்று பதில் எழுதி வைத்தான். ஆக்ஸிஜனைப் பார்க்க வழி செய்யும்வரை அது சிவப்பிலேயே நிற்கட்டும் என்பது அவன் எண்ணம்.

விழா நாள் காலையில் ஒத்திகை பார்த்தார்கள். அன்றைக்குக் கொடியசைக்க வேண்டிய வண்டி மட்டும் சிவப்பு. ஸ்தாபனத்திலிருந்து போன் வந்தது. மேலாளர் அவன் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டார்.

“அது மாற்று. பின்னே நோக்காம்.”

பிறகு பார்த்துக்கொள்ளலாமாம். இது ஆபத்து என்று அவன் மலையாளத்தில் நிதானமாக எடுத்துச் சொன்னான். நானும் எழுந்து நின்று சொன்னேன். மேலாளர் என்னை உட்காரச் சொன்னார். அவன் எழுதியிருந்த வரிகளை அவன் கையாலேயே அழிக்க வைத்தார். அழித்ததும், ஜீப்பின் பதில் அதற்குத் தானாக வந்து சேர்ந்தது. டீசல் இருந்தது, பிரேக் சரி, டயர் சரி. பச்சை விழுந்தது.

அதற்குப் பிறகு பல வாரங்கள் இருவரும் மாறிமாறிக் கேட்டோம். வேறு வேலை வந்துகொண்டே இருந்தது.

மழைக்காலத்தில் ஒரு முற்பகல், அவன் அம்மா போன் செய்தார். லயத்தில் அவர்கள் வரிசையிலேயே இருந்த ஒரு பெண்மணி இறந்துவிட்டிருந்தார். ஆஸ்துமாக்காரர். கொழுந்து பறித்துக்கொண்டிருக்கும்போது மூச்சு முட்டியிருக்கிறது. மலையடிவாரத்திலிருந்து ஜீப் போயிருக்கிறது, ஏற்றியிருக்கிறார்கள். முகமூடியை மாட்டி வால்வைத் திருகினால் சிலிண்டரில் ஒன்றுமில்லை. முந்தின பயணத்தில் தீர்ந்ததை யாரும் மாற்றவில்லை. கீழே வந்து சேரும் முன்பே உயிர் போய்விட்டது.

அவன் போனை வைத்துவிட்டுத் திரையைத் திறந்தான். வண்டி திரும்பி வந்து அதன் இடத்தில் நின்றது. அப்போதும் பச்சை.

விசாரணை சீக்கிரம் முடிந்தது. கிளம்புமுன் சிலிண்டரைப் பார்க்காதது டிரைவரின் குற்றம் என்று அவரை வேலையிலிருந்து நீக்கினார்கள். நாகர்கோவில் பக்கத்து மனிதர், மூன்று பிள்ளைகள். எங்கள் மாடிக்கே தேடிவந்து, மேலாளர் பார்க்க மறுத்ததால் படிக்கட்டில் என்னிடம் பேசினார்.

“பச்ச கெடந்தா எல்லாம் சரின்னுதான் எங்களுக்குப் படிப்பிச்சது. இதுல ஆக்ஸிஜன் வராதுன்னு ஆரும் பறயலியே.”

யாரும் சொல்லவில்லைதான். எங்களிடம் மேலாளர் சொன்னது, புரோகிராமில் பிழை இல்லை, எழுதச் சொன்னபடி அது ஓடியிருக்கிறது என்பது. அதில் பொய் எதுவும் இல்லை என்பதுதான் எனக்குத் தாங்க முடியாததாக இருந்தது.

காரியத்துக்கு அவன் லயத்துக்குப் போனான். இறந்தவரின் கணவரைத் தனியே அழைத்து நடந்தது முழுவதையும் சொல்லியிருக்கிறான். அவருக்கு கிளாஸும் தெரியாது, ஜீப்பின் பிள்ளையும் தெரியாது. தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தாராம். கடைசியில் அவர் சொன்னதைத் திரும்பி வந்து டீக்கடையில் என்னிடம் சொன்னான்.

“‘டாக்ஸி ஜீப் பக்கத்துலதான் நின்னுச்சு தம்பி. கூப்பிடட்டான்னு கேட்டேன். அவதான் வேண்டாம், நம்ம பய வண்டி இருக்கு, அது வரும்னு சொன்னா’ன்னாரு, அக்கா.”

அவன் அழவில்லை. டீ அப்படியே ஆறிப்போனது. அவன் தோளில் கைவைக்க எனக்குத் தயக்கமாக இருந்தது.

அடுத்த வாரம், டிரைவர் மேல் தவறில்லை என்று விளக்கி ஸ்தாபனத்துக்கு ஒரு மின்னஞ்சல் எழுதினான். எழுதியதையும் அழித்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டியிருந்தான். கீழே என் பெயரையும் சேர்க்கச் சொன்னேன். ஸ்தாபனம் அதை எங்கள் மேலாளருக்கே திருப்பி அனுப்பியது. அன்று மாலையே அவனை வேலையைவிட்டு அனுப்பிவிட்டார்கள். எனக்கு எச்சரிக்கை மட்டும். ஜீப் பகுதி தெரிந்த இன்னொரு ஆள் அங்கே இல்லை என்பதைத் தவிர அதற்குக் காரணம் எதுவும் இல்லை.

அதன் பிறகு, கேட்காமலே எனக்கு நேரம் கிடைத்தது. வண்டியை ஆம்புலன்ஸுக்குக் கீழே மாற்றினேன். ஜீப்பையும் அப்ஸ்ட்ராக்ட் ஆக்கினேன். இனி எந்த வகை ஜீப் வந்தாலும் தன் பதிலைத் தானே எழுதாமல் தப்பிக்க முடியாது. திருத்தி முடித்து முதல் முறை ஓட்டியபோது திரை முழுக்கப் பிழைகள். ஒவ்வொன்றாகத் தீர்த்தேன். அவன் எழுதியிருந்தால் இதைவிட நன்றாக வந்திருக்கும். மேலாளர் பார்த்துவிட்டு நல்ல வேலை என்றார்.

டிரைவரைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. சாலைக் கடைத்தெருவில் மொத்த அரிசிக்கடை ஒன்றுக்குச் சரக்கு ஆட்டோ ஓட்டுகிறார். பார்த்தால் தலையசைப்பார், நின்று பேசுவதில்லை.

அவனுக்கு நாகர்கோவிலில் ஒரு வேலை கிடைத்தது. போன மாதம் பேசும்போது, லயத்துச் சேதி ஒன்றைச் சொன்னான். எஸ்டேட் வீடு அங்கே வேலை செய்கிறவர்களுக்கு மட்டும்தான். இறந்தவரின் கணவர் முதுகு முறிந்து எப்போதோ வேலையை விட்டவர். வீடு மனைவியின் பேரில் ஓடிக்கொண்டிருந்தது. காலி செய்யச் சொல்லி ஆள் வந்ததும், நெடுமங்காட்டில் பி.காம். இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்த மகள் விடுதியிலிருந்து பெட்டியோடு வந்துவிட்டாள். அம்மாவின் இடத்தில் அவளை எடுத்துக்கொண்டார்கள்.

எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன்.

“பறிக்கிறா” என்றான்.