செல்விக்குச் சொல்ல வேண்டிய ஸ்டேஜ்

குளித்துவிட்டுச் சாரத்தை (லுங்கியை) இடுப்பில் முடிந்தபோது மூச்சு வாங்கியது. ஏணியில் ஏறும்போது வாங்கியிருந்தால் வயசாகிவிட்டது என்று விட்டிருப்பேன். சாரம் கட்டுவதற்கெல்லாமா மூச்சு வாங்கும்? எனக்கே எரிச்சலாக வந்தது.

ருவான்வெல்லைப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் கூரை வேலை பார்த்தவன் நான். இளவட்டமாக இருந்த நாளிலிருந்து லயங்களுக்கும் (தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) ஃபெக்டரிக்கும் அஸ்பெஸ்டஸ் தகடு அறுத்துப் போட்டேன். வெள்ளைத் தூசு தலைமுடியில் படியும். உதறிவிட்டுச் சாப்பிட உட்காருவோம். அது ஆபத்து என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

டவுன் ஆஸ்பத்திரியில் வலது நெஞ்சிலிருந்து நீர் எடுத்தார்கள். பால் கலக்காத பிளேன்டீ நிறத்தில் இருந்தது. பிறகு கொழும்புக்கு எழுதிக் கொடுத்தார்கள். அங்கே ஊசியால் சதைத் துணுக்கு எடுத்துப் பார்த்து மெசோதெலியோமா என்றார்கள் (நுரையீரலைப் போர்த்தியிருக்கும் மெல்லிய சவ்வில் வரும் புற்றுநோய்; பெரும்பாலும் அஸ்பெஸ்டஸ் தூசினால் வருவது).

"கூட யாரு வந்தது?" என்று நேர்ஸ் கேட்டார். யாரும் வரவில்லை. என் மனைவி செல்வி குவைத்தில் வீட்டு வேலையில் இருக்கிறாள். பிள்ளைகள் இல்லை. அவளிடம் சளி என்றே சொல்லி வைத்திருந்தேன். ஒபரேஷன் செய்யக்கூடிய ஸ்டேஜ் என்றால் அவள் ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டே வரட்டும். இல்லையென்றால் உடனே வரச் சொல்ல வேண்டும். இப்படித்தான் மனதுக்குள் முடிவு செய்திருந்தேன்.

டொக்டர் சிங்களவர். என் தொழில் தெரிந்ததும் "பாஸுன்னஹே" என்றுதான் கூப்பிட்டார் (கைவேலைக்காரரை மரியாதையாக அழைக்கும் சிங்களச் சொல்). அவர் சொன்னதைத் தமிழில் தருகிறேன், உங்களுக்கும் உதவும். நோய் ஒரு பக்கத்துச் சவ்வோடு நின்றால் முதலாவது ஸ்டேஜ். அதே பக்கத்து நிணநீர் முடிச்சுகளுக்குப் (கிருமிகளை வடிகட்டும் சிறு உருண்டைகள்) போனால் இரண்டாவது. நெஞ்சுச் சுவரிலோ, இன்னும் தள்ளியிருக்கும் முடிச்சுகளிலோ பிடித்தால் மூன்றாவது. உடம்பில் தூரத்து இடங்களுக்குப் பரவினால் நாலாவது. ஸ்கேனைப் பார்த்தால் எனக்கு முதலாவதாக இருக்கலாம், அப்படியென்றால் ஒபரேஷன் செய்யலாம் என்றார். நெஞ்சுக்குள் குழாய்க் கமரா விட்டுப் பார்த்தால்தான் உறுதியாகுமாம்.

அந்த "இருக்கலாம்" போதாதா? சந்தோஷத்தில் மாலு பணிஸ் (மீன் வைத்த பன்) வாங்கித் தின்றுகொண்டே பஸ் ஏறினேன்.

செய்தி லயம் முழுக்கப் பரவியது. பாணும் (பிரெட்) பிஸ்கட்டுமாகப் பார்க்க வந்தார்கள். வந்து உட்கார்ந்தவர்கள் என் முகத்தைப் பார்க்கவில்லை, கூரையை அண்ணாந்து பார்த்தார்கள்.

"எங்க வீட்டுத் தகடும் நீங்க போட்டதுதானே அண்ணே?" என்று பக்கத்து வீட்டு ராணி கேட்டாள்.

"சும்மா கெடக்குற தகடு பெருசா ஒண்ணும் செய்யாதும்மா. அறுக்காதீங்க, ஒடைக்காதீங்க."

தலையை ஆட்டினாள். பிறகு அவள் வரவில்லை. மற்றவர்களும் குறைந்துபோனார்கள். அவர்களுக்கு என்னைப் பார்த்தால் பயம். எனக்கும் பயம்தான், ஆனால் தனியாகப் பயப்படுவது பெரிய கொடுமை. மனுசக் குரல் கேட்கட்டுமே என்று ரேடியோவைப் போட்டுக்கொண்டு படுத்திருப்பேன்.

கொழும்பில் மயக்கம் கொடுத்துக் கமரா விட்டார்கள். மறுநாள் டொக்டர் வந்து கட்டிலோரத்தில் உட்கார்ந்தார். எப்போதும் நின்றுகொண்டே பேசுகிறவர்.

"மூன்றாவது, பாஸுன்னஹே. நெஞ்சுச் சுவரில் பிடித்திருக்கிறது. வெட்டி எடுக்க முடியாது. மருந்து ஏற்றலாம் (கீமோதெரபி)."

"எவ்வளவு நாள் இருப்பேன் டொக்டர்?"

"நோய் எங்கே இருக்கிறது என்பதைத்தான் ஸ்டேஜ் சொல்லும். எவ்வளவு நாள் என்று சொல்லாது."

வார்டு நிறைய ஆட்கள் இருந்தார்கள். போர்வையை இழுத்து மூடிக்கொண்டு அழுதேன்.

வெள்ளிக்கிழமை குவைத்திலிருந்து செல்வி ஃபோன் எடுத்தாள்.

"சளி இல்ல செல்வி. கேன்சர். மூணாவது ஸ்டேஜாம்."

அந்தப் பக்கம் யாருடைய பிள்ளையோ அழுதுகொண்டிருந்தது. அவள் கேட்டாள்:

"மொத்தம் எத்தனைங்க?"

"நாலு."

மூக்கை உறிஞ்சினாள். "அப்ப இன்னும் ஒண்ணு இருக்குல்ல? அதுக்குள்ள வந்துடுறேங்க."

அது அப்படியில்லை என்று விளக்க வாயெடுத்தேன். "சரி, வா" என்றுதான் சொன்னேன்.

மருந்து ஏற்றத் தொடங்கிவிட்டார்கள். மூச்சு இப்போது பெரும்பாலும் இடது பக்கத்தில்தான் ஓடுகிறது. கிழமை, மாதம் எதுவும் எனக்கு நினைவில் நிற்பதில்லை. இது செல்வி வருவதற்கு முந்திய காலம், அவ்வளவுதான்.