அண்ணன் விலக்கிவிட்ட விமானங்களும் நான் மறித்த பாதையும்

அன்று மாலை ஐந்து மணி நாற்பது நிமிடத்துக்கு அண்ணன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கதிரையில் சாய்ந்தார். அதன் பின் நடந்ததை அவருடைய ஓராண்டு நினைவு மலரில் எழுதுவது முறையா என்று பலமுறை யோசித்தேன். எழுதாமல் விட எனக்கு உரிமையில்லை.

அண்ணன் நமுனுகுல மலையடியில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடொன்றில் பிறந்தவர். அப்பா தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டினார். அம்மா கொழுந்து பறித்தார். அண்ணன் பதுளையில் படித்து, கொழும்பில் பரீட்சை எழுதி, கட்டுநாயக்க விமான நிலையக் கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் வேலைக்குச் சேர்ந்தார். பிளேன் ஓட்டுகிறாரா என்று தோட்டத்தில் கேட்பார்கள். "ஓட்டுறது இல்லீங்க. ஒன்னு மேல ஒன்னு ஏறாம பாத்துக்கிறது" என்பார்.

வானத்தில் இடத்துக்குப் பஞ்சமில்லை, நெருக்கடியெல்லாம் நிலையத்துக்குப் பக்கத்தில்தான் என்று அவர் விளக்குவார். எல்லா விமானங்களும் ஒரே ஓடுபாதையைத் தேடி வருகின்றன. ஒவ்வொன்றுக்கும் ஓர் உயரம் கொடுத்து, கீழே இருப்பது விலகும்வரை மேலே இருப்பதைச் சுற்றிக்கொண்டே இருக்கச் சொல்ல வேண்டும். சொன்னதை விமானி தன் வாயால் திருப்பிச் சொல்ல வேண்டும். ஒரு மழை நாளில் ஒரு விமானி வெறுமனே 'சரி' என்று மட்டும் சொன்னார். அண்ணன் விடாமல் மறுபடி கூப்பிட்டார். அதற்குள் அந்த விமானம் இன்னொன்றுக்குக் கொடுத்திருந்த உயரத்தை நோக்கி இறங்கத் தொடங்கியிருந்தது. அண்ணன் அதை நிறுத்தினார். பயணிகளில் ஒருவருக்கும் அது தெரியாது.

வீட்டிலும் அதே பழக்கம்தான். "கடைக்குப் போகச் சொன்னா எல்லாத்தையும் திருப்பிச் சொல்றாரு. வரும்போது கொத்தமல்லியை மறந்துட்டு வாராரு!" என்று அண்ணி கேலி செய்வார்.

"கொத்தமல்லி ஒன்னோட ஒன்னு மோதாதுல்ல" என்பார் அண்ணன்.

ஓய்வு பெற்றதும் பிறந்த தோட்டத்துக்கு மேலேயே வீடு கட்டிக்கொண்டு வந்தார். லயத்தில் யாருக்கு நோய் என்றாலும் முதல் ஆளாகப் போய் நின்றார்.

அன்று நானும் மகனும் பண்டாரவளையிலிருந்து அவரைப் பார்க்கப் போயிருந்தோம். அம்புலன்ஸைக் கூப்பிட்டது நான். "பாதை ஒடுக்கம். நீங்க வண்டி எடுக்காதீங்க, நாங்க மேல வர்றோம்" என்றார்கள். "சரிங்க, சரிங்க" என்றேன். காதில் விழுந்தது மனதில் நிற்கவில்லை. அண்ணனின் முகம் வெளுப்பதைப் பார்த்ததும், "வேனை எடுடா!" என்று மகனிடம் கத்தினேன்.

"வர்றோம்னு சொன்னாங்கல்லம்மா?"

"எதுத்துப் பேசாத, எடு!"

பாதி வழியில், ஒரு பக்கம் மண்மேடும் மறுபக்கம் பள்ளமுமான வளைவில், அம்புலன்ஸ் எதிரே வந்து நின்றது. அது திரும்புவதானாலும் மேலே கொழுந்து நிறுக்கும் மடுவத்தடிக்குத்தான் வர வேண்டும்; அங்கேதான் இடமிருந்தது. அந்த ஏற்றம் முழுவதும் மகன் வேனைப் பின்னாலேயே எடுத்தான். என் தோளில் சாய்ந்திருந்த அண்ணன், "அவசரப்படாம எடுக்கச் சொல்லும்மா" என்றார். என்னிடம் அவர் கடைசியாகப் பேசியது அதுதான்.

மறுநாள் விடியுமுன் ஆஸ்பத்திரியில் அண்ணன் காலமானார். தாமதத்தால்தானா என்று டாக்டர் சொல்லவில்லை. நான் கேட்கவுமில்லை.

சாவு வீட்டில், "பையன்தான் அம்புலன்ஸுக்குக் குறுக்க வேனை விட்டுட்டானாம்ல" என்று பேசிக்கொண்டார்கள். தேத்தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்த நான் கேளாதவள்போல நகர்ந்தேன். மகனும் வாய் திறக்கவில்லை. இன்றுவரை அவன் வேன் சாவியைத் தொடவில்லை.

அண்ணனைச் சுமந்து சென்ற தோட்டத்துப் பிள்ளைகளுக்கும், அண்ணியைத் தனியே விடாத அயலாருக்கும், கட்டுநாயக்கவிலிருந்து வந்து நின்ற நண்பர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. இன்னொருவருக்கும் நன்றி சொல்ல வேண்டும். முப்பத்தோராம் நாள் படையல் முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு, அந்த அம்புலன்ஸை ஓட்டியவர் லுணுகலையிலிருந்து வந்தார். சாப்பிடச் சொன்னோம், அவர் உட்காரவில்லை.

"அன்னைக்கு ரிவர்ஸ் எடுத்த தம்பி எங்க, அக்கா? அந்த வளைவுல நானே பயந்திருப்பேன்."

உள்ளே படுத்திருக்கிறான் என்றேன்.

"போன்ல பேசினது யாரு?"

"நான்தாங்க. வேனை எடுக்கச் சொன்னதும் நான்தான்."

அவர் மகன் படுத்திருந்த அறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"இதை வேற யாருகிட்டயாவது சொன்னீங்களாக்கா?"